கடைசியில் நிற்கிற ஆளுக்கு என்ன வேலை?

மைதானம்: கேள்வி – பதில்

(சேலம் மாவட்ட வாசகர்கள் அனுப்பும் விளையாட்டுக் கேள்விகளுக்கு, அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நம் கட்டுரையாளர் பதில் சொல்கிறார். போன இதழில் பேஸ்பால் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தார். அதற்கு வந்த கடிதங்களே இந்த இதழை நிரப்பிவிட்டன.)

ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன் சார். பள்ளி சாஃப்ட்பால் டீமில் எடுத்தார்கள். ஆனால் ரைட் ஃபீல்டில் நிற்க வைத்துவிட்டார்கள். பந்தே வராத இடம், ஆடத் தெரியாதவர்களைத்தான் அங்கே தள்ளுவார்கள் என்று தோழிகள் கேலி செய்கிறார்கள். அங்கே நின்று பெரிய ஆளானவர் யாராவது இருக்கிறார்களா?
– ஒரு மாணவி, ஏற்காடு

இருக்கிறார் கண்ணு. அவரைப் பற்றிச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் தோழிகள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அடிக்கிறவர் நின்று பார்த்தால் மைதானத்தின் வலது கோடி ரைட் ஃபீல்ட், இடது கோடி லெஃப்ட் ஃபீல்ட், நடுக்கோடி சென்டர் ஃபீல்ட். அங்கே நிற்கிற மூவரும் அவுட்ஃபீல்டர்கள். பேஸ்பாலிலும் சாஃப்ட்பாலிலும் வலக்கைக்காரர்கள்தான் அதிகம். அவர்கள் இழுத்து அடித்தால் பந்து லெஃப்ட் ஃபீல்ட் பக்கம் போகும். அதனால் பள்ளி அளவில் ரைட் ஃபீல்டுக்குப் பந்து குறைவாகத்தான் வரும். இதைப் பார்த்துப் பார்த்து, ‘சுமாராக ஆடுகிற பிள்ளையா, அங்கே போய் நில்லு’ என்று அனுப்பிவிடுகிற பழக்கம் நம் பக்கம் ஊறிவிட்டது. எனக்கு இது சுத்தமாகப் பிடிக்காத பழக்கம். மாவட்டப் போட்டிகளில் அந்தப் பிள்ளைகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேலிப் பக்கம் வேடிக்கை பார்த்து நிற்பதைக் கண்டால் மனசு கஷ்டப்படும். அங்கே என்ன வேலை என்று ஒருவரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

மேலே போகப் போக விஷயமே வேறு. தொழில்முறை பேஸ்பாலில் மூன்று அவுட்ஃபீல்டர்களில் யாருக்குக் கை பலம் அதிகமோ, பெரும்பாலும் அவரைத்தான் ரைட் ஃபீல்டில் நிறுத்துவார்கள். அடித்தவர் வரிசையாக ஓடித் தொட வேண்டிய இடங்களைப் பேஸ் என்பார்கள். ரைட் ஃபீல்டிலிருந்து மூன்றாவது பேஸுக்கு எறிவதுதான் ஆட்டத்திலேயே நீளமான எறிகளில் ஒன்று. அது ஒழுங்காகப் போகாது என்று தெரிந்தால் எதிரணி ஓடிக்கொண்டே இருக்கும்.

இச்சிரோ சுசுகி என்று ஒருவர். ஜப்பான்காரர். அமெரிக்காவில் சியாட்டில் மரைனர்ஸ் அணிக்கு வந்து முதல் சீசன் தொடங்கி ஏறக்குறைய பத்து நாள்தான் ஆகியிருந்தது. 2001 ஏப்ரல் 11, ஓக்லண்ட் மைதானம். முதல் பேஸில் எதிரணியின் டெரன்ஸ் லாங். அடுத்த ஆட்டக்காரர் பந்தைத் தரையோடு ரைட் ஃபீல்ட் பக்கம் அடித்தார். லாங் இரண்டாவது பேஸைத் தொட்டுவிட்டு நிற்காமல் மூன்றாவதுக்கு ஓடினார். அதில் தப்பே இல்லை, யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். இச்சிரோ முன்னால் ஓடிவந்து பந்தை அள்ளினார், ஒரு சின்னத் துள்ளல், விட்டார். பந்து உயரே எழும்பி வளையவில்லை. தாழ்வாக, நேர்கோட்டில், நடுவில் தரையைத் தொடாமல், மூன்றாவது பேஸில் நின்ற டேவிட் பெல் கைக்கே போனது. லாங் சறுக்கி வந்தபோது பந்து அவருக்காகக் காத்திருந்தது. அந்த ஒரு எறியைப் பற்றி அமெரிக்காவில் இன்னும் பேசுகிறார்கள். அப்புறம் அவர் பக்கம் பந்து போனால் ஓடலாமா வேண்டாமா என்று எதிரணிக்காரர்கள் யோசிக்க ஆரம்பித்தார்கள். 2001 முதல் 2010 வரை தொடர்ந்து 10 ஆண்டுகள் சிறந்த ஃபீல்டருக்கான ‘கோல்ட் கிளவ்’ விருது அவருக்கு.

உனக்கு உடனே ஒரு வேலை தருகிறேன். அடுத்த ஆட்டத்தில் உன் பக்கம் பந்து வராவிட்டாலும் ஒவ்வொரு பந்துக்கும் நகர வேண்டும். உள்வட்டத்தில் யாராவது பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிகிறார்கள் என்றால், நீ அந்த முதல் பேஸுக்குப் பின்னால் ஓடி வந்து நிற்க வேண்டும். எறி தவறினால் பிடிக்க அங்கே ஒரு ஆள் வேண்டும். பத்து எறியில் ஒன்று தவறினாலும் அந்த ஒரு தடவை உன் டீமைக் காப்பாற்றுகிறவள் நீதான்.

இன்னொன்றும் தெரிந்துகொள். இச்சிரோ ஓய்வு பெற்ற பிறகு ஜப்பானில் ஒரு அமெச்சூர் அணியைச் சேர்த்து, பள்ளி மாணவியரின் தேர்வு அணியோடு 2021 முதல் பேஸ்பால் ஆடுகிறார். அவரே பிட்சராக நின்று முழு வேகத்தில் பந்து போடுகிறார். பெண் பிள்ளைகள்தானே என்று வேகத்தைக் குறைப்பதில்லை.

இச்சிரோ பற்றி முழுசாகச் சொல்லுங்கள். அவர் எப்படி வளர்ந்தார்?
– கல்லூரி மாணவர், ஓமலூர்

1973 அக்டோபர் 22-ல் பிறந்தார். நகோயா நகரத்தை ஒட்டிய பகுதியில் வளர்ந்தார். அப்பாதான் முதல் பயிற்சியாளர். சின்ன வயதிலிருந்து தினமும் மைதானத்துக்குக் கூட்டிப்போய் எறிய வைப்பார், அடிக்க வைப்பார். வலக்கைக்காரப் பிள்ளையை இடக்கையாக பேட் பிடிக்கவும் பழக்கினார். இடக்கையாக நின்றால் முதல் பேஸுக்கு ஒன்றிரண்டு அடி பக்கம். அந்த ஒன்றிரண்டு அடியை வைத்தே பிற்பாடு அவர் எத்தனையோ ஹிட் (அடித்துவிட்டு அவுட்டாகாமல் பேஸ் சேர்வது) எடுத்தார்.

ஒல்லியான உடம்பு. 1991-ல் ஓரிக்ஸ் புளூவேவ் அணி அவரை நான்காவது சுற்றில்தான் எடுத்தது. முன்காலைத் தூக்கி ஆடும் அவருடைய பேட்டிங் முறை அப்போதைய மேலாளருக்குப் பிடிக்கவில்லை. முதல் இரண்டு வருடம் பெரும்பாலும் இரண்டாம் நிலை அணியில்தான் கழிந்தது. 1994-ல் அகிரா ஓகி என்ற புது மேலாளர் வந்தார். இந்தப் பையன் எப்படி ஆடினாலும் ஆடட்டும் என்று தினமும் இறக்கினார். சுசுகி என்பது ஜப்பானில் தெருவுக்குத் தெரு இருக்கிற குடும்பப் பெயர் என்பதால், சட்டையில் ‘இச்சிரோ’ என்று முதல் பெயரையே போட வைத்தார். அந்த வருடம் 130 ஆட்டத்தில் 210 ஹிட். ஜப்பான் லீக்கில் ஒரே சீசனில் 200-ஐத் தாண்டிய முதல் ஆள் அவர்தான். அந்த வருடம் தொடங்கி 2000 வரை தொடர்ந்து 7 முறை பேட்டிங்கில் முதலிடம்.

1995 ஜனவரி 17-ல் கோபே நகரத்தில் பெரிய நிலநடுக்கம். 6,000-க்கும் மேல் செத்துப்போனார்கள். ஓரிக்ஸ் அணியின் ஊர் கோபேதான். அந்த வருடம் அந்த ஊர் மக்களை முன்வைத்து ஆடி அவர்கள் தங்கள் லீக்கை வென்றார்கள். மறு வருடம் ஜப்பான் தொடரையே வென்றார்கள். இடிபாட்டுக்கு நடுவில் மைதானத்துக்கு வந்து உட்கார்ந்த ஜனங்களை நினைத்தால், விளையாட்டு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் தனியாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

2000-ம் ஆண்டுக் கடைசியில் சியாட்டில் அணி, அவரோடு பேசும் உரிமைக்கு மட்டுமே 1.3 கோடி டாலருக்கு மேல் ஓரிக்ஸுக்குக் கட்டியது. ஜப்பானிலிருந்து பிட்சர்கள் அதற்கு முன்பே போயிருந்தார்கள். தினமும் பேட் பிடித்து ஃபீல்டில் நிற்கிற ஆட்டக்காரராகப் போன முதல் ஜப்பானியர் இவர். இந்த ஒல்லி உடம்பு அங்கே தாங்குமா என்று பலர் சந்தேகப்பட்டார்கள். முதல் வருடமே 242 ஹிட், 56 முறை பேஸ் திருட்டு (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது), சிறந்த புதுமுகம், மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் என்ற இரண்டு விருதும் ஒன்றாக. அந்த இரண்டையும் ஒரே வருடம் வாங்கியவர் அவருக்கு முன் 1975-ல் ஃப்ரெட் லின் மட்டும்தான். அவரும் அவுட்ஃபீல்டர்.

2004-ல் 262 ஹிட். 1920-ல் ஜார்ஜ் சிஸ்லர் வைத்த 257 என்ற கணக்கு 84 வருடம் அசையாமல் இருந்தது, அதைத் தாண்டினார். அந்த 262-ல் 225 ஒற்றை பேஸ் அடிகள். வேலிக்கு வெளியே தூக்கி அடிக்கிறவர்களுக்குத்தான் கைதட்டு என்று இருந்த காலத்தில், இவர் பந்தை ஆளில்லாத இடமாகப் பார்த்துத் தட்டிவிட்டு ஓடினார்.

எல்லோரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிந்திய பகுதி. 2012 ஜூலையில் சியாட்டில் அவரை நியூயார்க் யாங்கீஸுக்கு அனுப்பியது. அனுப்பிய அன்றைக்கே இரண்டு அணிக்கும் சியாட்டிலில் ஆட்டம். அதே மைதானம், எதிரணிச் சட்டை. பேட் பிடிக்க வந்தபோது ஊரே எழுந்து நின்று தட்டியது. ஹெல்மெட்டைக் கழற்றி, குனிந்து வணங்கிவிட்டு ஆடினார். ஹிட்டும் எடுத்தார், அடுத்த பேஸையும் திருடினார். பிறகு மயாமியில் நான்காவது அவுட்ஃபீல்டர். அதாவது, முதல் மூவருக்கு ஓய்வு தேவைப்பட்டால்தான் இடம். உலகமே கொண்டாடிய ஆள் பெஞ்சில் உட்கார்ந்து, ஆட்டத்தின் கடைசியில் ஒரே ஒரு தடவை பேட் பிடிக்கக் கூப்பிடுவார்களா என்று காத்திருந்தார். 2017-ல் அப்படி மாற்று ஆளாக இறங்கியே 27 ஹிட் எடுத்தார், ஒரு சீசனுக்கான சாதனைக்கு ஒன்றுதான் குறைவு. முகம் சுளித்தார் என்று ஒரு செய்தியும் நான் படித்ததில்லை. அந்த மூன்று வருடத்துக்காக அவரை நான் இன்னும் அதிகமாக மதிக்கிறேன்.

2019 மார்ச் 21, டோக்கியோவில் கடைசி ஆட்டம். வயது 45. அமெரிக்காவில் 3,089 ஹிட், ஜப்பானில் 1,278. 2025-ல் அமெரிக்காவில் கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். ஓட்டுப் போட்ட 394 பேரில் 393 பேர் அவருக்குப் போட்டார்கள். ஆசியாவில் பிறந்து அங்கே இடம்பிடித்த முதல் ஆட்டக்காரர்.

பேஸ்பாலில் சராசரி .350 என்றால் பெரிது என்கிறார்கள். கிரிக்கெட்டில் 50 இருந்தால்தானே நல்ல ஆட்டக்காரர்?
– செவ்வாய்பேட்டை வாசகர்

இரண்டும் வேறு வேறு கணக்கு ஐயா. பேஸ்பாலில் .350 என்றால், கணக்கில் வரும் 100 வாய்ப்பில் 35 முறை அடித்து பேஸ் சேர்ந்தார் என்று பொருள். மீதி 65 முறை தோல்விதான். .300 இருந்தாலே நல்ல ஆட்டக்காரர் என்பார்கள். இச்சிரோவின் அமெரிக்க மொத்தச் சராசரி .311.

எஸ்டேட்டில் வேலை செய்கிறேன். என் பையன் ஏற்காடு மைதானத்தில் அடித்தால் பந்து ரொம்ப தூரம் போகிறது. கீழே சேலம் காந்தி ஸ்டேடியத்தில் அதே அடி போகவில்லை என்கிறான். இது உண்மையா, சாக்குச் சொல்கிறானா?
– ஏற்காடு வாசகர்

உண்மை. பையனைத் திட்டாதீர்கள்.

ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரை ஊரைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. காற்று தடுப்பது குறைந்தால் பந்து கூடுதலாகப் போகும். அமெரிக்காவில் இதே கதைக்கு ஒரு பெரிய மைதானமே இருக்கிறது. டென்வர் நகரம் 5,280 அடி உயரம். நம் சேர்வராயன் கோயில் மேடு ஏறக்குறைய அதே உயரம்தான். டென்வரின் கூர்ஸ் ஃபீல்ட் மைதானத்தில், மேல்தட்டில் 20-வது வரிசை நாற்காலிகளுக்கு மட்டும் ஊதா நிறம் அடித்திருக்கிறார்கள். சரியாக 5,280 அடி அந்த வரிசையில்தான் வருகிறது.

பந்து பறக்கும் என்று தெரிந்தே அங்கே வேலியைத் தள்ளிக் கட்டினார்கள். வேலி தள்ளிப்போனால் என்ன ஆகும்? மூன்று அவுட்ஃபீல்டர்களுக்கு நடுவே இடைவெளி பெரிதாகும். அவர்கள் பின்னால் தள்ளி நிற்பார்கள், முன்னால் விழுகிற பந்து தப்பும். நடுவில் போகிற பந்தைத் துரத்தி மூச்சு வாங்கும், அதுவும் மெல்லிய காற்றில். அவுட்ஃபீல்டரின் கால் வலியை அந்த மைதானத்தில்தான் பார்க்க வேண்டும். இச்சிரோவின் 3,000-வது அமெரிக்க ஹிட் அங்கேதான், 2016 ஆகஸ்ட் 7-ல், 42 வயதில். ரைட் ஃபீல்ட் ஆள் எம்பியும் எட்டாமல் பந்து சுவரில் பட்டது. அவர் மூன்றாவது பேஸ் வரை ஓடிவிட்டார்.

வறண்ட காற்றில் பந்து காய்ந்து கெட்டியாகிறது என்று 2002 முதல் அங்கே பந்துகளை ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறையில் வைக்கிறார்கள். ஏற்காட்டில் பிரச்சினை நேர் எதிர். பனிமூட்டத்தில் நனைந்த புல்லில் நாலு தடவை உருண்டாலே தோல் தண்ணீர் குடித்துப் பந்து கனத்துவிடும். பயிற்சிக்கு இரண்டு மூன்று பந்து மாற்றி மாற்றி வையுங்கள். நனைந்ததை அடுப்பங்கரையில் காய வைக்காதீர்கள், தோல் வெடிக்கும். நிழலில் காற்றாட விட்டால் போதும்.

ஒரே ஒரு ஆட்டத்தோடு முடிந்துபோனவர்கள் உண்டா?
– வாழப்பாடி வாசகி

உண்டு அம்மா. ஆர்ச்சிபால்ட் கிரஹாம் என்பவர் 1905 ஜூன் 29-ல் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணிக்காக ஆட்டம் முடியும் நேரத்தில் ரைட் ஃபீல்டில் போய் நின்றார். அவர் பேட் பிடிக்கும் முறை வருவதற்குள் ஆட்டம் முடிந்தது. பெரிய லீக்கில் அவர் ஆடியது அவ்வளவுதான். டாக்டருக்குப் படித்து, மினசோட்டாவில் சிஷோம் என்ற சின்ன ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்து வாழ்நாளைக் கழித்தார். அந்த ஊர்க்காரர்களுக்கு அவர் ஆட்டக்காரர் என்பதைவிட டாக்டர் என்பதுதான் பெரிது.

நெசவுத் தொழில் செய்கிறேன். பேஸ்பால்காரர்கள் கோடி கோடியாக வாங்குகிறார்கள் என்கிறார்களே, எல்லோருமா?
– அம்மாப்பேட்டை வாசகர்

எல்லோரும் இல்லை ஐயா. உச்சி லீக்கில் 2025-ல் குறைந்தபட்சச் சம்பளமே வருடத்துக்கு 7,60,000 டாலர். ஆனால் அதற்குக் கீழே படிப்படியாக மைனர் லீக் அணிகள் இருக்கின்றன. பெரும்பாலானவர்கள் அங்கேயே முடிந்துபோகிறார்கள். அவர்களுக்கு வெகு காலம் வாடகைக்கே பத்தாத சம்பளம்தான். நாலைந்து பேர் ஒரு வீட்டில் தரையில் படுத்து ஆடினார்கள். 2023-ல்தான் மைனர் லீக் ஆட்டக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து முதல் ஒப்பந்தம் போட்டார்கள். அதன்படி அந்த வருடம் உச்சி லீக்குக்கு அடுத்த படியான டிரிபிள் ஏ-வில் குறைந்தபட்சம் 35,800 டாலர். கீழ்ப்படியில் 19,800. மேலே ஏறி 43 நாள் அணியில் இருந்துவிட்டாலே ஓய்வூதியத்துக்கு உரிமை வந்துவிடும். அதனால்தான் ஒரு பையன் மேலே போய் இரண்டு மாதம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் வீட்டில் சந்தோஷப்படுகிறார்கள்.

பெரிய ஆட்டக்காரர்களுக்கு இந்தப் பணம் எப்படி வந்தது என்பதுதான் உங்களிடம் நான் சொல்ல விரும்புவது. அதைத் தொடங்கி வைத்தவரும் ஒரு அவுட்ஃபீல்டர். கர்ட் ஃபிளட். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் சென்டர் ஃபீல்டர், கறுப்பினத்தவர். 7 முறை கோல்ட் கிளவ், அணி இரண்டு முறை உலகத் தொடரை (உச்சி லீக்கின் இறுதித் தொடர்) வென்றபோது கூட நின்றவர். அந்தக் காலத்தில் ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. அணி விடுவித்தாலோ விற்றாலோ ஒழிய, ஆட்டக்காரர் காலத்துக்கும் அந்த அணிக்கே சொந்தம். முன்பணம் வாங்கிய நெசவாளி அதே மாஸ்டரிடம் தறி ஓட்டியே தீர வேண்டும் என்பது மாதிரி, சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கட்டு கட்டுதான். 1969 அக்டோபரில் அவரைக் கேட்காமலே ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றினார்கள். அவர் வாங்கிக்கொண்டிருந்தது வருடம் 90,000 டாலர், அந்த நாளில் பெரிய தொகை. பேசாமல் போயிருக்கலாம். போகவில்லை. நான் விற்று வாங்கும் பொருள் இல்லை என்று பேஸ்பால் ஆணையருக்குக் கடிதம் எழுதிவிட்டு வழக்குப் போட்டார்.

1970 சீசன் முழுக்க ஆடவில்லை. 1971-ல் வாஷிங்டன் அணிக்கு 13 ஆட்டம் ஆடிப் பார்த்தார், உடம்பும் மனசும் ஒத்துழைக்கவில்லை. 1972-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. வழக்கு விசாரணைக்கு அப்போது ஆடிக்கொண்டிருந்த ஆட்டக்காரர் ஒருவர்கூட வந்து உட்காரவில்லை. 1975 டிசம்பரில் வேறு இரண்டு பிட்சர்களின் புகாரில், ஒப்பந்தத் தகராறைத் தீர்க்கும் நடுவர் அந்தக் கட்டை அவிழ்த்தார். இன்று வாங்கப்படும் கோடிகள் அந்த அவிழ்ப்பிலிருந்து வந்தவை. ஃபிளட் 1997-ல் இறந்தார். மறு வருடம் அவர் பெயரிலேயே அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. வாழும்போது அவருக்கு அதனால் ஒரு டாலர் கிடைக்கவில்லை.

மகனுக்கு ஒரு கை முழங்கைக்குக் கீழே இல்லை. ஓடுவான், எறிவான். பேஸ்பால் ஆட வேண்டும் என்கிறான். விடலாமா?
– ஒரு தாய், ஆத்தூர்

தாராளமாக விடுங்கள் அம்மா. நம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் தங்கம் வாங்கியதைப் பையன் கட்டாயம் கேள்விப்பட்டிருப்பான். பேஸ்பாலில் அவன் தெரிந்துகொள்ள வேண்டியவர் பீட் கிரே. சின்ன வயதில் வண்டிச் சக்கரத்தில் சிக்கி வலது கை போய்விட்டது. 1945-ல் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணிக்காக உச்சி லீக்கில் 77 ஆட்டம் ஆடினார், அவுட்ஃபீல்டராக.

எப்படி எறிந்தார் தெரியுமா? கிளவுஸின் உள்பஞ்சை எடுத்து மெலிதாக்கி, விரல் நுனியில் மட்டும் மாட்டிக்கொள்வார். பந்தைப் பிடித்ததும் கிளவுஸை வலப்பக்கம் மீதமிருந்த கைக்கும் விலாவுக்கும் நடுவே செருகுவார். பந்து மார்பின் மேல் உருண்டு வரும். வெறும் இடக்கையில் வாங்கி எறிவார். இதெல்லாம் ஒரே அசைவாக நடக்கும். வீட்டுக் கூடத்தில் ரப்பர் பந்தை வைத்து மகன் இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.

பேட்டிங் அவருக்குக் கஷ்டமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கையால் வீச ஆரம்பித்த பேட்டை நடுவில் நிறுத்த முடியாது. பிட்சர்கள் இதைக் கண்டுபிடித்து மெதுவான பந்தாகப் போட்டார்கள். சராசரி .218-ல் நின்றது. அப்படியும் ஒரு சீசன் அந்த உயரத்தில் ஆடிவிட்டார். பயிற்சியாளரிடம் ‘பாவம்’ என்று இடம் கேட்காதீர்கள். பிடிக்கிறான், எறிகிறான், பார்த்துச் சொல்லுங்கள் என்று கேளுங்கள்.

அடித்த உடனே பந்து எங்கே விழும் என்று அவுட்ஃபீல்டருக்கு எப்படித் தெரிகிறது?
– மேட்டூர் வாசகர்

இதை இயற்பியல்காரர்களே ஆராய்ந்திருக்கிறார்கள். சாப்மன் என்பவர் 1968-ல் எழுதிய கட்டுரை ரொம்பப் பிரபலம். பந்து நேராக உங்களைப் பார்த்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கண்ணுக்கு அது ஒரே சீராக மேலே ஏறிக்கொண்டே இருந்தால், நீங்கள் நிற்கிற இடத்திலேயே விழும். ஏறும் வேகம் கூடினால் தலைக்கு மேலே போகப்போகிறது, பின்னால் ஓடு. வேகம் குறைந்தால் முன்னால் விழப்போகிறது, முன்னால் ஓடு. நல்ல ஆட்டக்காரர் இந்தச் சீர் குலையாதபடி ஓடுகிறார். மூளை தன்னால் கணக்குப் போட்டுக்கொள்கிறது.

காதும் வேண்டும். பேட்டின் நடுவில் பட்டால் ஒரு சத்தம், நுனியில் பட்டால் வேறு சத்தம். அவுட்ஃபீல்டர் நிற்கும் தூரத்துக்குச் சத்தம் வர ஏறக்குறைய கால் நொடி ஆகும். அந்தக் கால் நொடிக்குள் கண் சொன்னதைக் காது உறுதி செய்கிறது. பனிமூட்டத்தில் ஆடிப் பழகிய மலைப் பிள்ளைகளுக்கு இந்தக் காது நன்றாக வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

பின்னால் போகிற பந்துக்குப் பின்னோக்கி எட்டு வைத்துப் போகக்கூடாது. உடம்பைத் திருப்பி ஓட வேண்டும். முதல் எட்டு தப்பானால் அதைச் சரிக்கட்டுவது கஷ்டம். ஆஸ்திரேலியக் கிரிக்கெட் அணி மைக் யங் என்ற அமெரிக்க பேஸ்பால் பயிற்சியாளரை ஃபீல்டிங் சொல்லித்தர அழைத்துக்கொண்டதும் இந்த மாதிரி நுணுக்கங்களுக்காகத்தான்.

சில்வர் ஓக் மரத்தில் பேஸ்பால் பேட் கடையலாமா? எங்கள் காப்பித் தோட்டத்தில் நிறைய நிற்கிறது.
– நாகலூர் வாசகர்

வேண்டாம். பெயரில்தான் ஓக். அமெரிக்காவில் வெகு காலம் ஆஷ் மரம், இப்போது பெரும்பாலும் மேப்பிள், கொஞ்சம் பிர்ச். ஆஷ் மரங்களை ஒரு வண்டு அழித்துக்கொண்டிருக்கிறது. இச்சிரோ தன் பேட்டுகளை ஈரம் புகாத பெட்டியில் வைத்துத்தான் ஊர் ஊராகக் கொண்டு போவார். பயிற்சிக்கு அலுமினிய பேட் வாங்கிக்கொள்ளுங்கள், மரம் மிளகுக்கொடிக்கு நிற்கட்டும்.

நம் பிள்ளைகள் அமெரிக்கா போய் ஆட முடியுமா? பத்தாவது படிக்கிற பையன் படிப்பை விட்டுவிடுகிறேன் என்கிறான்.
– சங்ககிரி வாசகர்

படிப்பை விட வேண்டாம். 2008-ல் உத்தரப் பிரதேசத்திலிருந்து ரிங்கு சிங், தினேஷ் படேல் என்று இரண்டு பேர் ஒரு எறிதல் போட்டியில் தேறி, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியோடு ஒப்பந்தம் போட்டார்கள். இருவரும் ஈட்டி எறிந்து பழகியவர்கள், இருவரும் பிட்சர்கள், இருவரும் மைனர் லீக்கைத் தாண்டவில்லை. அந்த அளவுக்குப் போனதே பெரிய காரியம். உங்கள் பையன் காலையில் ஆடட்டும், பகலில் படிக்கட்டும். பள்ளி விளையாட்டுச் சான்றிதழ்களைப் பத்திரமாக வையுங்கள். கல்லூரி விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் அவன் ஆட்டம் இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் வருடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் மகள் இடக்கைக்காரி. அவளுக்கு எந்த இடம் சரி? கிளவுஸ் எந்தக் கைக்கு வாங்க வேண்டும்?
– சின்னப்பம்பட்டி பக்கத்து வாசகர்

இடக்கையை வைத்தே 2020-ல் இந்திய அணிக்குப் போன நடராஜன் ஊர்ப் பக்கத்திலிருந்து கேட்கிறீர்கள், சந்தோஷம். இடக்கையால் எறிகிறவர்களுக்கு இரண்டாவது பேஸ், மூன்றாவது பேஸ், ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கும் இடம்) மூன்றும் சிரமம். பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிய உடம்பை முழுசாகத் திருப்ப வேண்டியிருக்கும், ஓடுகிறவர் தப்பிவிடுவார். பிட்சர், முதல் பேஸ், அவுட்ஃபீல்ட் மூன்றில் எதுவும் அவளுக்குப் பொருந்தும். ஓட்டமும் நன்றாக இருந்தால் சென்டர் ஃபீல்டில் விட்டுப் பாருங்கள்.

கிளவுஸ் வலக்கையில் மாட்டுவது வேண்டும், எறிகிற கை காலியாக இருக்க வேண்டும். கடைகளில் பெரும்பாலும் இடக்கையில் மாட்டுவதைத்தான் எடுத்துத் தருவார்கள். இருப்பதை வைத்துச் சமாளியுங்கள் என்றாலும் வாங்காதீர்கள், சொல்லி வைத்து வரவழையுங்கள். அவுட்ஃபீல்டுக்கு விரல் நீளமான கிளவுஸ் நல்லது. புதுசு கெட்டியாக இருந்தால் எண்ணெயை ஊற்றி ஊற வைக்காதீர்கள், தோல் கனத்துத் தொங்கிவிடும். துணியில் துளி எண்ணெய் தொட்டு மடிப்பில் மட்டும் தேய்த்து, நடுவே ஒரு பந்தை வைத்துக் கயிற்றால் கட்டி இரவு முழுக்க விடுங்கள். காலையில் அவளையே அவிழ்த்து மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.